ஹவல்தாருடன் மாஹிம் கரைக்கு

நேற்றுக் காலை செம்பூர்ப் பூங்காவில் நான்காவது சுற்று முடிந்து எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தோழிகளே, உங்களில் ஒருத்தி சொன்னாள்: "வீட்டுல நாய் வச்சுக்காதீங்கோ. முடி நெஞ்சுக்குள்ள போய் இளைப்பு வரும்." மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே சண்டை பிடித்திருப்பேன், ஐந்தாவது சுற்றுக்கு மூச்சு வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். சிலருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், அவர்களோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் இதே பேச்சைக் கேட்டு ஒரு நாயின் உயிர் போகப் பார்த்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

நீங்களெல்லாம் அறுபது தாண்டிய பிறகு, பேரன் வாங்கித் தந்த ஷூவை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தவர்கள். டாக்டர் என்னை நடக்கச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அதனால் நடையில் நான்தான் உங்களுக்கெல்லாம் மூத்தவள்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தோம். அதை முதல்முறை சொன்னபோது உங்கள் மூக்கு லேசாகச் சுருங்கியதை நான் கவனிக்காமல் இல்லை. எங்கள் மூக்குக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. சந்தின் ஒரு முனையில் தோல் பதனிடும் இடம். தோல் ஷாப் என்போம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறி எழுந்த தோலை மரக்கட்டையின்மேல் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் அதிலுள்ள முடியை வழித்து எடுப்பார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் கை வெளுப்பாகவே இருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும்.

சந்தின் மறுமுனையில் கிடங்கு. கிடங்குக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தோல் ஷாப்பில் வழித்துப் போட்ட முடியை வாங்கி, அலசி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டிக் கம்பளம் செய்கிறவர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். அம்மா அவரை "அண்ணே" என்று கூப்பிட்டாள். அதனால் எனக்கு மாமா, கிடங்கு மாமா. சந்தில் நல்ல வெயில் விழும் இடம் எங்கள் வாசல்தான் என்பதால் முடி காய்வதும் பெரும்பாலும் எங்கள் வாசலில்தான். கறுப்பும் வெள்ளையும் செம்பட்டையுமாகக் கோணிகளின்மேல் மேடு மேடாகக் கிடக்கும். காற்றடித்தால் பறக்கும். சோற்றில் விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஹவல்தார் எங்கள் நாய் என்று சொல்ல முடியாது. தோலிலிருந்து அறுத்தெறியும் சவ்வுக்காக வந்து சேர்ந்த நாய்களில் ஒன்று. மற்றவை தின்றுவிட்டுப் போய்விடும். இது மட்டும் சந்து முனையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் மேலும் கீழும் பார்த்து, பிடிக்காதவர்களை நிறுத்தி விசாரிக்கும். போலீஸ்காரர் தோரணையாக இருக்கிறதே என்று நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். பழுப்பு நிறம். ஒரு காது நிற்கும், இன்னொன்று மடங்கிக் கிடக்கும். அப்பா மிச்சத் தோலில் அதற்கு ஒரு கழுத்துப் பட்டை தைத்துப் போட்டார். இரட்டைத் தையல், பித்தளை வளையம். எனக்குக்கூட அவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் செய்து தந்ததில்லை.

அந்தப் பட்டை அழகுக்கு அல்ல. அந்தக் காலத்தில் முனிசிபாலிட்டியின் நாய் வண்டி சந்து சந்தாக வரும். கழுத்தில் பட்டை இருந்தால் வீட்டு நாய் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் நீண்ட இடுக்கியால் கழுத்தைக் கவ்வித் தூக்கிக் கம்பிக் கூண்டுக்குள் எறிவார்கள். அந்த வண்டியில் போன நாய் எதுவும் திரும்பி வந்து எங்கள் சந்து பார்த்ததில்லை.

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்த வாரம் எனக்கு இளைப்பு வந்தது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் இருக்கும். படுக்க முடியாது, உட்கார்ந்துகொண்டே தூங்குவேன். அம்மா மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடல் காத்து படணும். தினம் காலம்பற கரையில நடக்க விடுங்கோ" என்றார். திரும்பும் வழியெல்லாம் அம்மா முனகிக்கொண்டே வந்தாள்: "நடக்கதுக்குச் சொல்லித் தர ஒரு டாக்டரு. கையில ஒரு பாட்டில் மருந்து குடுத்தாலாவது மனசுக்கு ஒரு தெம்பு."

என்னை யார் கடலுக்குக் கூட்டிப் போவது? அப்பா விடியுமுன் குழிக்குப் போய்விடுவார். அம்மா இடுப்பில் தம்பி. கிடங்கு மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, அவரையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு மாஹிம் கரைவரை போய்விட்டு வருவார். அம்மா அவரிடம் கேட்டாள்: "அண்ணே, இவளயும் இழுத்துட்டுப் போங்க. வாய் ஓயாமப் பேசுவா, கண்டுக்கிடாதிய."

"பேசுனா என்னம்மா? மூச்சு இருக்குன்னுல்லா அர்த்தம்" என்றார் மாமா.

இப்படி நானும் மாமாவும் கிளம்பினோம். கூப்பிடாமலே ஹவல்தாரும் கிளம்பியது.

வழி எனக்கு இன்றும் காலுக்குத் தெரியும். சந்தைத் தாண்டினால் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய இரும்புக் குழாய்கள். நான் அவற்றின்மேல் ஏறித்தான் நடப்பேன். விடியற்காலையில் குழாய் வியர்த்திருக்கும். உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி, உள்ளே தண்ணீர் ஓடும் அதிர்வு. ஹவல்தார் எனக்கு முன்னால் குழாயின்மேல் போகும். பெருத்த உடம்புக்காரரான மாமா கீழே வருவார். பிறகு மாஹிம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, இரானி ஓட்டலைத் தாண்டினால் காற்று மாறும். நெஞ்சுக்குள் இருந்த விசில் அங்கே நின்றுவிடும்.

மாமா ஹவல்தாரைக் குடை நீளத்துக்கு இப்பால் வரவிட்டதில்லை. நாயின் ஈரம் மேலே பட்டால் அவர்களுக்குத் தொழுகைக்கு ஆகாது. "ஏலே, தள்ளிப் போ. ஈரத்தோட வந்து ஒரசாத" என்று வழி முழுக்க அதட்டிக்கொண்டே வருவார். இரானி ஓட்டலில் எனக்கு ஒரு பன் வாங்கித் தந்து, தனக்குச் சர்க்கரை போடாத டீ குடிப்பார். இன்னொரு பன்னையும் வாங்கி, வேறெங்கோ பார்த்தபடி ஹவல்தார் பக்கம் வீசுவார். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு வந்து, "பாய்க்கு நாயக் கண்டாலே ஆவாது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்லா எறியுதாரு" என்று சந்து முழுக்கச் சொன்னாள். எல்லாரும் அதை நம்பினார்கள். தினமும் கூட நடந்த நானும் நம்பினேன். பிடிக்காத நாய்க்கு யாராவது தினமும் முழுப் பன் வாங்கிப் போடுவார்களா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாஹிம் கரையில் அப்போது படகுகள் வரிசையாகக் கிடக்கும். மூங்கில் கட்டிப் பொம்பில் மீனைத் துணிபோலத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குக் காவலாக ஒரு கோளி மீனவப் பெண் உட்கார்ந்திருப்பாள். மூக்கில் பெரிய நத்து, பின்னால் இழுத்துக் கட்டிய புடவை. "ஏ போரி, குத்ரா சம்பாள்!" என்று தூரத்திலேயே கத்துவாள், நாயைப் பார்த்துக்கொள் பெண்ணே என்று. நான் பார்த்துக்கொள்வதற்குள் ஹவல்தார் ஒரு மீனை இழுத்திருக்கும். அவள் மராத்தியில் திட்ட, மாமா திருநெல்வேலித் தமிழில் சமாதானம் சொல்ல, இருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியாமல் எல்லாம் சுமுகமாக முடியும்.

கடலை ஹவல்தார் தனக்கு எதிரியாக எடுத்துக்கொண்டது. அலை வரும்போது வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கும். அலை திரும்பும்போது தான்தான் விரட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு குரைத்தபடி துரத்தும். அரபிக்கடலை அடித்து விரட்டிய திருப்தியோடுதான் தினமும் வீடு திரும்பும். அப்பா தைத்துத் தந்த என் செருப்பில் ஒன்றை ஒருநாள் அலை கொண்டுபோனது. "எடுத்துட்டு வா" என்று ஹவல்தாரை ஏவினேன். அது நீந்திப் போய், யாருடையதோ ஒரு பழைய ரப்பர்ச் செருப்பைக் கவ்விக்கொண்டு கம்பீரமாகத் திரும்பியது. மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"போலீசுக்காரன்லா! களவு போனது கெடைக்காது, வேற எதையாவது கொண்டாந்து குடுப்பான்."

ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். செருப்பு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அதற்குப் பிறகு வெறுங்காலோடு ஈரமணலில் ஓடினேன். ஓட ஓட மூச்சு நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலை விட்டுவிட்டுச் சயான் கோட்டை ஏறுவோம். அதை மலை என்றால் உங்கள் பேரன்கள் சிரிப்பார்கள். எனக்கு அது மலைதான். கல்லும் புதரும் மேய்கிற ஆடுகளுமாக ஒற்றையடிப் பாதை. உச்சியில் இடிந்த சுவரின்மேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் உப்பளங்கள், ஓடை, தூரத்தில் செம்பூருக்கு அப்பால் மலைகள். இன்னொரு பக்கம் எங்கள் தகரக் கூரைகள். ஒரு ஞாயிறு அங்கே உட்கார்ந்திருந்தபோது ஹவல்தார் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. என் கவுன் முழுக்க அதன் பழுப்பு முடி. நான் அத்தனை உயரம் ஏறி வந்திருந்தேன், நெஞ்சில் சத்தமே இல்லை. அதைக் கவனித்தேன். ஏன் கவனித்தேன் என்றால், அந்த வாரம்தான் எங்கள் சந்து என் இளைப்புக்குக் காரணம் கண்டுபிடித்திருந்தது.

காரணம் சொன்னது எதிர்வீட்டு அத்தை. எங்கள் வாசலில் முடி காயும் கோணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நாய் முடிதான் நெஞ்சுக்குள்ள போயி சுருண்டு கெடக்கு. கடல் காத்து என்ன செய்யும்? எங்க ஊர்ல இப்படித்தான் ஒரு பிள்ள செத்தே போச்சு." சொல்லிக்கொண்டே தன் நாக்கில் ஒட்டியிருந்த ஆட்டுமுடி ஒன்றை விரலால் எடுத்துச் சுண்டிப் போட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ஆனால் அம்மாவின் காதில் "செத்தே போச்சு" என்பது மட்டும்தான் விழுந்தது.

கோட்டையிலிருந்து இறங்கிய பிறகு நான் என் விசாரணையைத் தொடங்கினேன். அடுத்த வாரம் மழை திரும்ப வந்தது. முடி காயப்போடவில்லை. நனைந்த ஹவல்தார் வீட்டுக்குள் வந்து என் வயிற்றோடு சுருண்டு படுத்தது. இளைப்பு இல்லை. மழை விட்டது, வெயில் வந்தது, கோணிகள் விரிந்தன. அன்று சாயங்காலமே விசில் ஊத ஆரம்பித்தது. இதற்குமேல் என்ன வேண்டும்? அம்மாவிடம் போய், "ஹவல்தார் முடி இல்லம்மா. வாசல்ல காயுதுல்லா, அந்த முடிதான்" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை. "இந்தச் சந்துல அம்புட்டு சனமும் அந்த முடிக்குள்ளதான் பொழைக்கி. ஒருத்தருக்கும் வராதது ஒனக்கு மட்டும் வந்துருமாக்கும்? பெரியவங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?"

இப்போது யோசித்தால் அம்மாமேல் கோபம் வரவில்லை. அந்த முடியும் தோலும்தான் எங்களை ஊரிலிருந்து வரவழைத்து, தலைக்குமேல் ஒரு கூரையும் தந்தது. அதைப் போய்ச் சந்தேகப்படு என்றால் அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? நாயைச் சந்தேகப்படுவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

மறுநாள் குழாயின்மேல் நடக்கும்போது மாமாவிடமே சொல்லிவிட்டேன். "மாமா, ஒங்க முடிதான் எனக்கு ஆவ மாட்டேங்கு."

மாமா நின்றுவிட்டார். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானே கண்டுபிடிச்சேன்."

"என் கிடங்கு இருக்கதுனாலதான் ஒனக்கு நோயா? ஊர்லேருந்து எங்க வாப்பா வெறுங்கையோட வந்து ஆரம்பிச்ச தொழில்ளா அது. கடலுக்குக் கூட்டிட்டு வந்தா நீ எனக்கே வைத்தியம் பாக்க." அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று இரானி ஓட்டலில் நிற்கவில்லை. மறுநாள் காலை என்னைக் கூப்பிட வரவும் இல்லை. நான் சொன்னதைக் கேட்கக்கூடிய ஒரே ஆளையும் கெடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தது. ஆனால் சொன்னது தப்பு என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்தே நான் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாததா?

நடை நின்றது. இளைப்பு கூடியது. வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கால்களுக்கு நடுவில் ஹவல்தார். அதன் கழுத்துப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா கழட்டுதிய?"

"தையல் விட்டிருக்குளா. தச்சுப் போடணும்."

பட்டையை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். நான் முக்காலியில் ஏறி அதை எடுத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தம்பிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் நாயை அடிக்கவும் மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். பட்டையைக் கழற்றிவிட்டால் போதும், மீதியை வண்டிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பட்டையைத் திரும்ப மாட்டப் போனேன். அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றபோது அவள் அழுதாள். நான் என் சடையிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவி ஹவல்தாரின் கழுத்தில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் முடியில் முகத்தை வைத்துக்கொண்டு, நெஞ்சில் விசில் ஊத ஊத, மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம்தான் எங்கள் குழாயில் தண்ணீர் வரும். குடங்கள் வரிசையில் நின்றன, அம்மாவுடையது முதலில். அப்போது சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹவல்தார் என் கையை உதறிக்கொண்டு ஓடியது. தப்பிக்க அல்ல. புதிதாக ஒரு வண்டி வந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று நேராக அதை நோக்கியே ஓடியது. நான் போய்ச் சேர்வதற்குள் இடுக்கி அதன் கழுத்தைக் கவ்விவிட்டது. ரிப்பன் அறுந்து மண்ணில் விழுந்தது. கூண்டுக் கதவு மூடியது. உள்ளிருந்து அது போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். வண்டிக்காரர் என்னைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார், முடியவில்லை. "கிஸ்கா குத்தா? பட்டா கிதர்?" என்று கேட்டார். யார் நாய், பட்டை எங்கே? வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டுத் தோல் ஷாப் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அவர்களில் அப்பாவும் இருந்தார், வெளுத்த கைகள் இரண்டும் தொங்க. நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் கிடங்கு மாமா வந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் தொப்பியுமாக, அத்தர் மணக்க. இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காத மனிதர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த என்னையும், ஏறி இறங்கும் என் நெஞ்சையும், கூண்டையும் பார்த்தார். பிறகு வண்டிக்காரரிடம் சொன்னார்: "மேரா ஹை. என் நாய்தான்."

வண்டிக்காரர் அவர் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார். நீங்களெல்லாம் எப்போதிருந்து நாய் வளர்க்க ஆரம்பித்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். "உங்களுடையதுதான் என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்" என்று கூண்டைத் திறந்து ஒதுங்கி நின்றார். மாமா தொடமாட்டார் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். எங்களுக்கும்தான்.

மாமா குடையை என்னிடம் நீட்டினார். இரண்டு கைகளையும் கூண்டுக்குள் விட்டார். பயந்து மூலையில் ஒடுங்கி, மற்ற நாய்களின் எச்சிலும் மூத்திரமும் மேலே அப்பி, பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஹவல்தாரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அது அவர் கழுத்தை நக்கியது, தாடியை நக்கியது, கன்னம், கண், காது என்று ஓர் இடம் விடவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க அழுக்கு. "போதும்ல… ஏலே, போதும்ல… நான்தாம்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, பாய்க்கு நாயைக் கண்டால் ஆகாது என்று எங்கள் சந்தில் யாரும் சொன்னதில்லை. நாளைக்குள் பட்டை போட்டுவிட வேண்டும் என்று எச்சரித்துவிட்டு வண்டி போனது.

ஹவல்தாரை என் பக்கத்தில் இறக்கிவிட்டு மாமா குழாயடிக்கு நடந்தார். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை சுத்தமான மண் கலந்து கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. அன்றைக்குத்தான் எங்களுக்கு அது தெரியும். குழாயடி வரிசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செத்த வீட்டுக்காரிக்குக்கூட அங்கே முறை விட்டுத் தரமாட்டார்கள். அம்மா பாதி நிறைந்த தன் குடத்தைக் குழாயிலிருந்து நகர்த்தினாள். "அண்ணே, நீங்க கழுவுங்க" என்றாள். பின்னால் நின்றவர்களும் தங்கள் குடங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் கிடைத்தது. சுத்தமான மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் சந்து மண்ணில் சுண்ணாம்பும் ரத்தமும் உப்பும் முடியும் தவிர வேறொன்றும் இல்லை. மாமா குனிந்து இங்குமங்கும் தேடினார். அப்போது அப்பா ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் குஜராத்திக் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவுக்குப் போய், பானைக்குப் பிசைந்து வைத்திருந்த களிமண்ணில் ஒரு கட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். குழாயடியில் உட்கார்ந்து அதைத் தண்ணீரில் கரைத்தார். கரைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பாய், பட்டையக் கழட்டுனது நாந்தான்" என்றார்.

"தெரியும். ஒன் தையல் தானா விடாது" என்றார் மாமா.

அந்தக் களிமண்ணைக் கழுத்திலும் தாடியிலும் கையிலும் பூசிக்கொண்டார். பூசிய முகத்தோடு நிமிர்ந்து, "ஏளா, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் குடையோடும் ஹவல்தாரோடும் போய் நின்றேன். எதிர்வீட்டு அத்தை உட்படக் குழாயடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தோல் ஷாப் ஆட்களும் நின்றார்கள்.

"நீ சொன்னதுதான் சரி. கரைக்கு நாயுந்தான் கூட வந்துச்சு, அங்க ஒனக்கு இளைப்பே இல்லல்லா. நாய் ஒண்ணும் பண்ணல. என் முடிதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நாளையிலேருந்து ஒன் வாசல்ல காயாது."

பிறகு மீதித் தண்ணீரில் கழுவி, உடை மாற்ற ஓடினார். தொழுகைக்குத் தாமதமாகத்தான் போயிருப்பார்.

மறுநாளே கோணிகள் ஓடைக்கரைக்குப் போயின. மூட்டைகளை அவ்வளவு தூரம் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று அவர் ஆட்கள் முணுமுணுத்தார்கள். என் இளைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அடுத்த மழைக்குள் போயே போய்விட்டது. வண்டி வந்த அன்று சாயங்காலமே அப்பா பட்டையைத் திரும்ப மாட்டியிருந்தார். கையை எடுக்காமல் ரொம்ப நேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் கடலுக்குப் போவதும் தொடர்ந்தது. நான் பெரியவளான பிறகு அனுப்பக்கூடாது என்று சந்து சொன்னது. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹவல்தார் கிழமாகி, குழாயில் ஏற முடியாமல் கீழே மாமாவோடு நடக்கும்வரை எங்களோடு வந்தது.

தோழிகளே, அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை சரியாகச் சொல்லியிருக்கிறேன். ஆபீசில் சொல்லியிருக்கிறேன், புருஷனிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் ஒத்துக்கொண்டதும் உண்டு, பல வருஷம் கழித்து, அடுக்களைக்கு வந்து, மெதுவான குரலில். முகம் முழுக்க மண்ணைப் பூசிக்கொண்டு, தன் பிழைப்பையே குற்றவாளியாக நிறுத்தி, ஊர் பார்க்க ஒரு பத்து வயதுப் பெண்ணிடம் ஒத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்ல நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.